கப்பல் வராத நாட்களில் என் மகள் உறங்கினாள்

என் மகள் சிவகாமி நான்கு வயதிலிருந்து எட்டு வயதுவரை ஒரு ராத்திரிகூட முழுதாக உறங்கியதில்லை. இதைச் சொல்லித்தான் நான் ஆரம்பிக்க வேண்டும். ஏனென்றால் முருகனிடம் நான் அவளுக்காகக் கேட்டது படிப்போ பவிசோ அல்ல. ஒரு ராத்திரித் தூக்கம். அவ்வளவுதான் கேட்டேன். அதைக் கேட்டுவிட்டு நான் செய்த முட்டாள்தனத்தையும், அதையும் மீறி அவன் எனக்குக் கொடுத்ததையும் உங்கள் முன்னால் வைக்கிறேன். வெள்ளிக்கிழமை பூஜைக்கு வருகிற சகோதரிகள் பலர் இதில் பாதியை மட்டும் கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பாதி தவறான பாதி. அதைப் பரப்பியவளும் நான்தான்.

எங்களுக்குச் சொந்த ஊர் பரமக்குடிப் பக்கம். என் வீட்டுக்காரருக்கு ஃபீனிக்ஸ் பே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர் வேலை. பிள்ளைக்கு மூன்று வயது நடக்கும்போது அந்தமானில் போர்ட் பிளேருக்குக் கப்பலேறி வந்தோம். எங்களுக்குக் கொடுத்த குவார்ட்டர்ஸுக்கு மரச் சுவர், தகரக் கூரை. இரண்டு அறை, சமையலுக்குப் பின்னால் தனியாக ஒரு கொட்டகை. எங்கள் ஊரில் மழை என்பது வந்தால் கொண்டாடுகிற விஷயம். இங்கே வைகாசியில் பிடித்தால் கார்த்திகைவரை விடாது. துணி காயாது, தீப்பெட்டி உரசாது, தலையணை உறையில் பூஞ்சைக் காளான் புள்ளி புள்ளியாகப் பூத்திருக்கும். முதல் மழைக்காலம் எப்படியோ போனது. இரண்டாவது மழைக்காலத்தில் பிள்ளைக்கு இழுப்பு வந்தது.

இழுப்பு வந்த பிள்ளையை வைத்திருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பகலில் அது ஓடும், விளையாடும், நாம்கூட மறந்துவிடுவோம். படுக்கையில் சாய்ந்ததும்தான் நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதுகிற மாதிரி ஆரம்பிக்கும். படுத்தால் மூச்சு வராது, எழுந்து உட்கார்ந்தால் தூக்கம் வராது. என் வீட்டுக்காரர் அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு அறைக்குள்ளேயே நடப்பார். ஒர்க்‌ஷாப்பில் நாளெல்லாம் இரும்பு தூக்கிய தோள் அது. விடியற்காலையில் அவள் கொஞ்சம் கண்ணயர்வாள், உடனே பள்ளிக்கூடத்துக்கு எழுப்ப வேண்டியிருக்கும். ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையைத் தவறாமல் கொடுத்தோம். முற்றிப்போனால் ஊசி போட்டுக்கொண்டு வந்தோம். நான்கு வருஷம் இப்படியே போயிற்று.

தூக்கமில்லாத பிள்ளை எப்படி வளரும் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே மை தடவியது போலக் கருத்திருக்கும். ஒன்றுமில்லாததற்கு அழும், தட்டைத் தள்ளிவிடும். மூன்றாம் வகுப்புக்கு வந்த பிறகும் கூட்டல் கணக்கை விரல் விட்டுத்தான் போடும், பாதி எண்ணும்போதே எந்த விரல் என்று மறந்துவிடும். மூளை இல்லாத பிள்ளை இல்லை. மாலையில் கடற்கரையில் உட்காரவைத்து எது கேட்டாலும் டக் டக்கென்று பதில் சொல்வாள். பள்ளிக்கூடத்தில்தான் டெஸ்கில் தலை சாய்ந்துவிடும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், ஆனி மாதக் கடைசியில், ஆஸ்பத்திரி டாக்டர் என் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொன்னார். இந்த ஈரக்காற்று பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை, வறண்ட ஊர் ஏதாவது இருந்தால் கொஞ்ச காலம் அனுப்பிப் பாருங்கள் என்றார். பரமக்குடியை விட வறண்ட ஊருக்கு நாங்கள் எங்கே போவது. அங்கே என் அக்கா இருக்கிறாள். அன்று சாப்பிடும்போது வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"அடுத்த ஜஹாஜ்ல நானே கூட்டிட்டுப் போயி ஒங்க அக்கா வீட்ல விட்டுட்டு வந்துர்றேன். பாஸேஜுக்கு எழுதிக் குடுத்துட்டேன்."

"என்னையக் கேக்காமலா எழுதிக் குடுத்தீங்க?"

"கேட்டா நீ விடுவியா? புள்ள மூச்சு முக்கியமா, நீ பக்கத்துல வச்சுப் பாக்கறது முக்கியமா?"

ஜஹாஜ் என்றால் இங்கே கப்பல், பாஸேஜ் என்றால் அதில் போக அனுமதிச் சீட்டு. கப்பல் ஆடி மாதக் கடைசியில் வரும் என்று பேச்சு. இங்கிருந்து போனால் திரும்ப எப்போது வருவாளோ தெரியாது. ஒரு வருஷமாகலாம், இரண்டு வருஷமாகலாம். ராத்திரி மூச்சு முட்டி எழுந்தால் அக்கா வீட்டில் யாரைக் கூப்பிடும் என் பிள்ளை? அக்காவுக்கே ஐந்து பிள்ளைகள். நான் பூஜை அலமாரிக்கு முன்னால் போய் விழுந்தேன். கப்பல் வருவதற்குள் என் பிள்ளையை உறங்க வை முருகா என்று கேட்டேன். உறங்கிவிட்டால் அனுப்ப வேண்டியதில்லை அல்லவா. கப்பல் வருகிறவரை தினமும் அந்தி சாய்கிற நேரம் பிள்ளை படுக்கிற அறையில் உனக்குச் சாம்பிராணி போடுகிறேன், ஒரு நாள் தவற மாட்டேன் என்று நேர்ந்துகொண்டேன்.

இந்த நேர்த்தியை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. குருக்களும் சொல்லவில்லை, கோயில் பெண்களும் சொல்லவில்லை. என் சொந்த மூளை. சாம்பிராணிப் புகை நல்லது என்று நமக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றினால் புகை காட்டித்தானே முடியை உலர்த்துகிறோம். சளி கட்டாது, கொசு அண்டாது, கெட்டது எதுவும் வீட்டுக்குள் வராது. அப்படியே சாமிக்கும் ஆயிற்று என்று நினைத்தேன். நம்மூர் ராவுத்தர் ஒருவர் பஜாரில் கடை வைத்திருக்கிறார். அவரிடம் கப்பல் தேதியைக் கணக்குப் பண்ணி ஒரு மாதத்துக்கு வேண்டிய சாம்பிராணி வாங்கி, டின்னில் அடைத்து வைத்துக்கொண்டேன்.

ஆடி முதல் தேதி ஆரம்பித்தேன். செய்வதைத் திருந்தச் செய்கிறவள் என்று எனக்கு ஒரு பெருமை உண்டு. சிரட்டைக் கரியைக் கனிய வைத்து, தூபக்காலில் போட்டு, அதன்மேல் சாம்பிராணியை அள்ளித் தூவுவேன். புகை வீணாகப் போய்விடக் கூடாது என்று ஜன்னலை எல்லாம் சாத்திவிடுவேன். சிவகாமியைக் கட்டிலில் உட்கார வைத்து, அவள் தலையைச் சுற்றி, முதுகுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில் என்று காட்டுவேன். அறை முழுக்க வெள்ளையாகிவிடும். "கண்ணு எரியுதும்மா" என்பாள். "சரவணபவன்னு சொல்லிக்கிட்டே இரு, எரியாது" என்பேன். பிள்ளை இருமிக்கொண்டே சரவணபவ சொல்லும்.

முதல் நாலைந்து நாள் இழுப்பு அதிகமாகத்தான் இருந்தது. உள்ளே இருக்கிற சளி கலைகிறது, நல்லதுக்குத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு வாரம் கழித்து அதிசயம் நடந்தது. பிள்ளை ராத்திரியில் எழுவதே இல்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுப்பாள், போர்வையைத் தலைவரை இழுத்துக்கொள்வாள், அவ்வளவுதான். அம்மா என்று கூப்பிடுவதில்லை, தோளில் போடச் சொல்வதில்லை. ஆடி மழை தகரக் கூரையில் சல்லி கொட்டுவது போலக் கொட்டிக்கொண்டிருக்கும். நான்கு வருஷத்துக்குப் பிறகு நானும் என் வீட்டுக்காரரும் அடித்துப் போட்டது போல உறங்கினோம். வெள்ளிக்கிழமை கோயிலில் ஒவ்வொருவரிடமாகப் போய்ச் சொன்னேன். சாம்பிராணி போட்டதிலிருந்து என் பிள்ளை தூங்குகிறாள், நீங்களும் போடுங்கள் என்றேன். இரண்டு மூன்று பேர் போடவும் ஆரம்பித்தார்கள். நான் ஆரம்பத்தில் சொன்ன அந்தத் தவறான பாதி இதுதான்.

ஆனால் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த சேதி வேறாக இருந்தது. முன்பு டெஸ்கில் தலை சாய்கிற பிள்ளை இப்போது பிரேயரில் நின்றுகொண்டே உறங்குகிறதாம். ஒரு நாள் சாயங்காலம் டீச்சரே வீட்டுக்கு வந்துவிட்டார். பிள்ளைக்கு மந்த புத்தியாக இருக்குமோ, டாக்டரிடம் காட்டினீர்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். எனக்கு மானம் போயிற்று. அவர் படி இறங்கியதும் கரண்டிக் காம்பை எடுத்தேன்.

"ராத்திரி முழுக்கத் தூங்குறீல்ல? பகல்லயும் என்னடி தூக்கம் ஒனக்கு? சோம்பேறிக் கழுதை."

முழங்காலுக்குக் கீழே இரண்டு அடி விழுந்தது. சிவகாமி என்னைப் பார்த்தாள். அவள் அழவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தது தெரிந்தது. பிறகு சொல்லாமலே போய்க் கைகால் கழுவிக்கொண்டு, நான் கூப்பிடாமலே கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். சாம்பிராணி போடுகிற நேரமாகிவிட்டிருந்தது.

ஆடி இருபத்தொன்பதில் என் டின் காலியாயிற்று. ஈரத்தில் கரி சரியாகக் கனியாமல் கூடுதலாகப் போட்டுவிட்டேன் போலிருக்கிறது. குடையைப் பிடித்துக்கொண்டு ராவுத்தர் கடைக்கு ஓடினேன். கடையில் பாதி அலமாரி காலியாக இருந்தது.

"சாம்பிராணி கதம் தங்கச்சி. ஊதுவத்தி கதம், வெங்காயம் கதம், எல்லாம் கதம்" என்றார்.

"ஜஹாஜ் எப்ப வருது அண்ணே?"

"எங்கிட்டு வர்றது? இன்னும் மெட்ராஸ விட்டே கெளம்பலையாம். இஞ்சின்ல என்னமோ ரிப்பேராம். ஒரு வாரமும் ஆகும், பத்து நாளும் ஆகும்."

பஜாரில் இருந்த மற்றக் கடைகளிலும் ஏறி இறங்கினேன். கிடைக்கவில்லை. கோயிலிலேயே விளக்கு மட்டும்தான் எரிந்துகொண்டிருந்தது. குவார்ட்டர்ஸில் பக்கத்து வீடுகளில் கேட்டேன். ஒரு பெங்காலி அம்மா உதட்டைப் பிதுக்கி "நஹி ஹை, தீதி" என்றாள். வெறும் தேங்காய் மட்டையைக் கொளுத்திப் புகை போடலாமா என்றுகூட யோசித்தேன். மட்டை எல்லாம் மழையில் ஊறிக் கிடந்தது. வெறும் மட்டைப் புகையைச் சாமிக்குக் காட்ட மனசும் ஒப்பவில்லை.

அன்று அந்தியில் தூபக்காலைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நான் அழுத அழுகை கொஞ்சமல்ல. நேர்ந்துகொண்டதை முடிக்கக்கூட எனக்கு யோக்கியதை இல்லையா என்று முருகனிடம் சண்டை போட்டேன். நான் பிள்ளைக்காகத்தானே கேட்டேன், ஒரு கப்பலை நேரத்துக்குக் கொண்டுவர உனக்குத் தெரியாதா என்று கேட்டேன். வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். புகை இல்லாததால் அடைக்க வேண்டியதில்லை என்று ஜன்னல் திறந்தே கிடந்தது. சாரலுக்குப் பயந்து எப்போதும் ராத்திரியில் சாத்திவிடுகிற அதைச் சாத்தக்கூட எனக்கு அன்றும் அடுத்த நாட்களிலும் தெம்பில்லை.

மூன்றாம் நாள் காலை. பள்ளிக்கு நேரமாயிற்று என்று சிவகாமியை எழுப்பப் போனேன். எப்போதும் என் காலடி கேட்டதுமே எழுந்து உட்கார்ந்துவிடுவாள். அன்று எழவில்லை. மல்லாந்து படுத்து, ஒரு கால் கட்டிலுக்கு வெளியே தொங்க, வாய் லேசாகத் திறந்து எச்சில் வழிந்து, போர்வை எங்கோ கிடக்க, கிடந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அசையவில்லை. நெஞ்சில் கை வைத்தேன். சீராக ஏறி இறங்கியது. விசில் இல்லை. தோளைப் பிடித்து உலுக்கினேன். மெல்லக் கண் திறந்து, இது எந்த ஊர் என்பது போல என்னைப் பார்த்தாள். அப்புறம் "பசிக்குதும்மா" என்றாள்.

காலையில் அவள் வாயாகப் பசிக்கிறது என்று சொல்லி நான் கேட்டதில்லை. நான்கு தோசை சாப்பிட்டாள். மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். நேர்ந்ததை நான் முறித்த பிறகும் பிள்ளை உறங்குகிறாளே என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. ஆனால் பாருங்கள், கேட்டது கண்ணுக்கு முன்னால் நடக்கும்போதுகூட அது என்னவென்று எனக்குப் புரியவில்லை. இருபத்தெட்டு நாள் போட்ட புகையின் பலன் இப்போதுதான் தெரிகிறது, அவ்வளவு சக்தி அதற்கு என்று முடிவு கட்டினேன். அப்படி ஒரு மண்டை எனக்கு.

டின் காலியாகி ஒன்பது நாள் கழித்துக் கப்பல் வந்தது. ஊரே ஜெட்டிக்குப் போயிற்று. என் வீட்டுக்காரர் வெங்காயத்தோடு ஒரு பெரிய பொட்டலம் சாம்பிராணியும் வாங்கி வந்து, நான் சந்தோஷப்படுவேன் என்று என் கையில் வைத்தார். நானும் சந்தோஷப்பட்டேன். விட்டுப்போன ஒன்பது நாளுக்கும் சேர்த்து, பிள்ளை உறங்கியதற்கு நன்றியும் சேர்த்து, அன்று அந்தியில் ஜன்னலை இறுக்கச் சாத்திக்கொண்டு போட்டேன். பொட்டலத்தில் கால்வாசி காலி. பக்கத்தில் நிற்கிற ஆள் தெரியாத அளவுக்குப் புகை. நடுவில் சிவகாமி உட்கார்ந்திருந்தாள்.

அன்று வந்த இழுப்பைப் போல அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. சோறு பிசைந்துகொண்டிருக்கும்போதே ஆரம்பித்தது. கழுத்துக் குழி உள்ளே போகிறது, உதடு நீலம் பாரிக்கிறது, பேச்சு வரவில்லை. ஒர்க்‌ஷாப் ஜீப் ஒன்று எதிரே நின்றது புண்ணியம். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அவள் என் தாலிச் சரட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் சரவணபவகூடச் சொல்லவில்லை. இவளை எடுத்துக்கொள்ளாதே, எடுத்துக்கொள்ளாதே என்று அதையே சொன்னேன். கப்பலில் வேண்டுமானாலும் அனுப்பிவிடுகிறேன், கண்காணாத ஊரிலாவது மூச்சு விடட்டும் என்று கேட்டேன்.

ஊசி போட்டு, ஆக்ஸிஜன் வைத்து, பிள்ளைக்கு நிறம் திரும்பியது. அங்கே ஒரு மலையாளி சிஸ்டர் இருந்தார். நடுத்தர வயது, சிடுசிடுப்பானவர். பிள்ளையின் தலைமுடியைக் கோதி விட்டவர், குனிந்து முகர்ந்து பார்த்தார். பிறகு என் புடவைத் தலைப்பை இழுத்து அதையும் முகர்ந்தார்.

"வீட்டுக்குள்ள புகை போடுவியோ?"

"ஹாங் சிஸ்டர். சாமிக்கு. சாம்பிராணி."

"குட்டி இருக்கிற கமராவிலயா?"

"அவ படுக்கிற ரூம்லதான். அவளுக்காகத்தான் சிஸ்டர் போடுறேன்."

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "சாமிக்குப் போடறதானா கோயில்ல போடு. இவளோட நெஞ்சு புகை தாங்காது. உள்ளே இருக்கற குழல் சுருங்கிப் போகும். ராத்திரி பூரா இது மூச்சுக்குச் சண்டை போடும், உறங்காது" என்றார். அப்புறம், புகை போடாத நாட்களில் பிள்ளை எப்படி இருந்தது என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கப்பல் வராத ஒன்பது நாள், சாம்பிராணியும் இல்லை, நான்கு வருஷமாகத் தினமும் பூஜைக்கு ஏற்றிய ஊதுவத்தியும் இல்லை, ஜன்னலும் திறந்து கிடந்தது. நான் சாமியோடு சண்டை போட்ட ஒன்பது நாள். பிள்ளை உறங்கிய நாட்கள் அவைதான். ஆனால் ஒன்று இடித்தது. அதற்கு முன்பு புகை போட்டுக்கொண்டிருந்தபோதும் மூன்று வாரம் அவள் எழாமல் உறங்கினாளே? இதைச் சிஸ்டரிடம் சொன்னேன். கட்டிலில் கிடந்த சிவகாமி மூக்கில் இருந்த குழாயோடு மெல்லத் தலையை ஆட்டினாள்.

"தூங்கலம்மா. சும்மா கண்ண மூடிக்கிட்டுக் கெடந்தேன்."

"ஏன்டி?"

"தூங்கலன்னா கப்பல்ல அனுப்பிருவீங்கல்ல. நீங்களும் அப்பாவும் பேசினீங்க. நான் கேட்டேன்."

மூச்சு முட்டும்போது என்ன செய்தாய் என்று அவள் அப்பா கேட்டார். நீங்கள் இரண்டு பேரும் உறங்கியதும் சமையல் கொட்டகைக்குப் போய் அரிசி டின்மேல் உட்கார்ந்துகொள்வேன், அங்கே மூச்சு வரும், மழைச் சத்தத்தில் உங்களுக்குக் கேட்காது என்றாள். விடிகிறதற்குள் வந்து படுத்துக்கொள்வாளாம். எட்டு வயதுப் பிள்ளை எங்கள் இரண்டு பேரையும் உறங்க வைத்துவிட்டு இருட்டில் தனியாக மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பகலில் உறங்கியதற்கு நான் கரண்டிக் காம்பால் அடித்திருக்கிறேன். அந்த ஆஸ்பத்திரித் தரையில் உட்கார்ந்து என் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

கப்பல் திரும்பிப் போக நான்கு நாள் இருந்தது. பாஸேஜ் கையில் இருக்கிறது. இரண்டு பேருக்குள்ளும் பெரிய வாக்குவாதம் நடந்தது. புகையை நிறுத்தினால் போதும் என்று நான். ஒன்பது நாள் நன்றாக இருந்ததை நம்பிப் பிள்ளையைப் பணயம் வைக்க முடியாது என்று அவர். டாக்டர் இரண்டுக்கும் நடுவில் நின்றார். அனுப்புவதும் நல்லதுதான், ஆனால் முதலில் புகையை நிறுத்திப் பாருங்கள், படுக்கையை மாற்றுங்கள், மாத்திரையை விடாதீர்கள் என்றார். மறுநாள் பிள்ளையை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். பூஞ்சை பிடித்த இலவம்பஞ்சுத் தலையணைகளைத் தூக்கிப் போட்டேன். சுவரைச் சலவைச் சோடா கரைத்த தண்ணீர் விட்டுக் கழுவினேன். கிடைத்த அரை மணி வெயிலில் பாயையும் போர்வையையும் காய வைத்தேன். ஜன்னலைத் திறந்து கொசுவலை கட்டினேன்.

பூஜை அலமாரிக்கு முன்னால் நிற்கத்தான் எனக்குக் கால் வரவில்லை. நேர்ந்ததை நிறுத்தினால் தெய்வக் குற்றம் ஆகுமோ என்று ஒரு பக்கம் நடுங்கியது. நம் பெண்களுக்கு இந்தப் பயம் தெரியும். கடைசியில் போய் நின்று உள்ளதைச் சொன்னேன். முருகா, நான் நேர்ந்துகொண்டதை விடுகிறேன். உனக்குப் பிடிக்காவிட்டால் என்னைத் தண்டித்துக்கொள். பிள்ளையை விட்டுவிடு. அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, நான் புகையை நிறுத்தமாட்டேன் என்று தெரிந்துதானே நீ சாம்பிராணியை நிறுத்தினாய் என்று எனக்குத் தோன்றியது. எனக்காகக் கப்பலை நிறுத்தினான் என்று சொல்ல வாய் கூசுகிறது. தீவு முழுக்க வெங்காயமில்லாமல் திண்டாடியது. எத்தனை பேருக்குக் கடிதம் வராமல் போனதோ. ஆனால் நான் கேட்டது ஒரு ராத்திரி. அவன் கொடுத்தது அத்தனை ராத்திரி. வாங்கிக்கொண்டும் தெரியாமல் இருந்தவள் நான்.

கப்பல் புறப்படுவதற்கு முந்தின நாள். டிரங்குப் பெட்டி கட்டியாயிற்று. வீட்டுக்காரர் சிவகாமியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"இவ நடிக்கிறாளா தூங்குறாளான்னு நானே பாக்குறேன். தூங்கினா பாஸேஜ வேணாம்ங்கறேன். இல்லன்னா நீ ஒண்ணும் சொல்லக் கூடாது."

நான் சம்மதித்தேன். அரிக்கேன் விளக்கைச் சின்னதாக்கி வைத்தோம். மழை விட்டிருந்தது. மூச்சைக் கேட்க வேறு சத்தம் எதுவும் தடையாக இல்லை. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். சீராக வந்தது. நடுச்சாமத்துக்கு மேல் அவர் குனிந்து அவள் காதருகில் சொன்னார்.

"சிவகாமி, எந்திரி. கப்பலுக்கு நேரமாச்சு."

நடிக்கிற பிள்ளையாக இருந்தால் அந்தச் சொல்லுக்கு இமையாவது துடித்திருக்கும். மூன்று வாரம் அவளை இருட்டில் உட்கார வைத்த சொல் அது. அவள் அசையவில்லை. இன்னொரு முறை கொஞ்சம் உரக்கச் சொன்னார். சிவகாமி முகத்தைச் சுளித்து, அவர் பக்கமாகப் புரண்டு, அவர் கைமேல் காலைத் தூக்கிப் போட்டாள். குறட்டை லேசாக வந்தது. அவர் கையை எடுக்கவில்லை. விடிகிறவரை அந்த வாக்கிலேயே உட்கார்ந்திருந்தார்.

காலையில் பாஸேஜைத் திருப்பிக் கொடுக்க அவர் கிளம்பிப் போனார். கொஞ்ச நேரத்தில் கப்பல் ஊதியது. எங்கள் தகரக் கூரை அதிர்கிற ஊதல் அது. குவார்ட்டர்ஸில் நாய்கள்கூட எழுந்து குரைத்தன. நான் ஓடிப்போய்ப் பிள்ளையைப் பார்த்தேன். உறங்கிக்கொண்டிருந்தாள். அன்று பள்ளிக்கு எழுப்பவில்லை. மத்தியானம்வரை தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சிவகாமி இப்போது ஒன்பதாம் வகுப்பு. இழுப்பு அடியோடு போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். மழைக்காலத்தில் எட்டிப் பார்க்கும், மாத்திரை இருக்கிறது, தேவைப்பட்டால் ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனால் ராத்திரி உறங்குகிறாள். கணக்கில் வகுப்பிலேயே முதலாவதாக வருகிறாள். மந்த புத்தி என்று சந்தேகப்பட்ட அதே டீச்சர் போன வருஷம் வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டுப் போனார். வீட்டில் நான் சாம்பிராணியோ ஊதுவத்தியோ ஏற்றுவதில்லை. சிப்பிகாட்டிலிருந்து வருகிற காய்க்காரி செவ்வரளி கொண்டுவருவாள், அதை வைத்துக் கும்பிடுகிறேன். முருகன் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. நான் சொல்லிக் கேட்டுப் புகை போட ஆரம்பித்த வீடுகளுக்கும் ஒவ்வொன்றாகப் போய், போடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். சிலர் சிரித்தார்கள். சிரித்தால் சிரிக்கட்டும்.

அதற்குப் பிறகு என் மகளை நான் அடித்ததில்லை. அவளாக ஏதாவது சொல்ல வாயெடுத்தால் கையிலிருக்கிற வேலையை வைத்துவிட்டுக் கேட்கிறேன்.

சகோதரிகளே, உங்களில் யாருடைய பிள்ளையாவது ராத்திரி உறங்காமல் தவித்தால், தயங்காமல் அவனிடம் கேளுங்கள். டாக்டரிடமும் காட்டுங்கள், அதுவும் அவன் திறந்து வைத்த கதவுதான். அழுதும் கேட்கலாம், சண்டை போட்டும் கேட்கலாம், நான் போடாத சண்டையா. அவன் கோபித்துக்கொள்ள மாட்டான். கேட்டுவிட்டு, அவனுக்கு நாம் என்ன செய்தோம் என்று எண்ணிக்கொண்டே இருக்காதீர்கள். அவன் என்ன செய்கிறான் என்று பாருங்கள். அந்தியில் விளக்கேற்றப் போகுமுன் பிள்ளையைக் கிட்டே அழைத்து, அதன் முதுகில் காதை வைத்து, ஒரு நிமிஷம் மூச்சைக் கேளுங்கள். அப்புறம் விளக்கேற்றுங்கள்.